ஆண்டு ஆய்வு நெருங்குவதை விமான உரிமையாளருக்கு எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: பத்மநாபபுரத்துப் பெண்

அனைவருக்கும் வணக்கம். விமானவியல் பொறியியல் படித்தவள். நாகர்கோவிலில் இருந்தபடியே, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய விமானப் பராமரிப்புக் கூடத்துக்கு ஆவண வேலை பார்க்கிறேன். நம் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது, இங்கே உட்கார்ந்து விமானத்துக்கு என்ன வேலை என்று உறவினர்கள் கேட்கிறார்கள். விமானம் பறப்பதற்கு எஞ்சின் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை அதன் லாக்புக், அதாவது பராமரிப்புப் பதிவேடு, என்பது இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

லாக்புக் பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். எந்த ஆய்வு எப்போது முடிந்தது, அடுத்தது எப்போது என்று பதிவு செய்து வைப்பது என் பொறுப்பு. ஏறத்தாழ 60 விமானங்கள். பெரும்பாலும் செஸ்னா 172, பைப்பர் செரோகி. சில பீச்கிராஃப்ட் பொனான்சாக்களும் உண்டு. பல் மருத்துவர், விவசாயி, ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று தனிமனிதர்கள் வைத்திருப்பவையே அதிகம். சில விமானங்கள் பயிற்சிப் பள்ளியில் ஓடுகின்றன.

பிரச்சினை இதுதான். ஆண்டு ஆய்வில் கையெழுத்திடும் அதிகாரம் அந்தக் கூடத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு, அவர்தான் முதலாளி. ஆய்வின் காலம் மாதக் கடைசியில் முடிவதால், 'இன்னும் நாள் இருக்கிறது' என்று எல்லோரும் கடைசி வாரத்தில் வந்து நிற்கிறார்கள். இதுவரை அங்கிருந்த வழக்கம், மாதத்தின் முதல் தேதியில் ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்புவது: 'உங்கள் விமானத்தின் ஆண்டு ஆய்வு இந்த மாதம் முடிவடைகிறது.' பாதிப்பேர் பதில் போடுவதே இல்லை. இந்த வசந்த காலத்தில் ஓர் உரிமையாளர் விமானத்தை வேறொரு சிறிய தளத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாதம் முடிந்தது. ஆய்வுக் காலம் முடிந்த விமானம் பறக்கக் கூடாது. பிறகு அதை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவரவே சிறப்புப் பறத்தல் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. 'ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை?' என்று அவர் கோபப்பட்டார். அனுப்பிய மின்னஞ்சல் இருக்கிறது. ஆனாலும் அந்த மனிதரின் வருத்தம் பொய்யில்லை என்றே எனக்குப் படுகிறது. அனுப்பியதாலேயே சொல்லிவிட்டதாகிவிடுமா?

முதலாளி இப்போது இந்த அறிவிப்பு வேலையை முழுவதுமாக என்னிடம் கொடுத்திருக்கிறார். எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும்? கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்? மணிநேரக் கணக்கில் வரும் ஆய்வுகளுக்கு, விமானம் எவ்வளவு பறந்திருக்கிறது என்று பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் நினைவூட்டத் தொடங்கினால் பொறுப்பு எங்கள் தலையில் வந்து விழுமா? இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பதில்: வேளிமலை அடிவாரம்

மக்களே, தக்கலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விமானப் படையில் தொழில்நுட்பப் பணியில் இருந்துவிட்டு, பிறகு வளைகுடா நாடொன்றில், அமெரிக்கப் பதிவெண் கொண்ட சிறு விமானங்களைப் பராமரிக்கும் கூடத்தில் திட்டப் பிரிவில் இருந்தேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது. இதைப் பற்றிக் கவலைப்படும் ஆளைக் காண்பது அபூர்வம்.

பொறுப்பு யாருடையது என்பதை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க விதிகளில் 91.403 என்ற பிரிவு தெளிவாக இருக்கிறது: விமானத்தைப் பறக்கத்தக்க நிலையில் வைத்திருக்கும் முதன்மைப் பொறுப்பு உரிமையாளருடையது அல்லது அதை இயக்குபவருடையது. நீங்கள் நூறு கடிதம் அனுப்பினாலும் அது மாறாது. ஆனால் 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற தொனியில் எழுதிவிட்டால் உரிமையாளர் தன் லாக்புக்கைத் திறப்பதையே விட்டுவிடுவார். அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் 'எங்கள் பதிவின்படி' என்று தொடங்குங்கள். வேறு கூடத்தில் அவர் ஏதாவது வேலை செய்திருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. எனவே, 'உங்கள் லாக்புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்' என்றும் எழுதுங்கள். இதைச் சட்டப் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. உண்மை நிலை அதுதான்.

அடுத்தது தேதிக் கணக்கு. 91.409 பிரிவின்படி ஆண்டு ஆய்வு 12 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறை. அதாவது 2025 மார்ச் 10 அன்று கையெழுத்தானால் 2026 மார்ச் 31 வரை செல்லும். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். உரிமையாளர்களில் பலர் மார்ச் 10 என்று நினைத்துப் பதறுவார்கள், அல்லது இன்னும் ஒரு மாதம் சலுகை உண்டு என்று நினைத்து அசந்து இருப்பார்கள். சலுகை எதுவும் கிடையாது. ஏப்ரல் 1 விடிந்தால் விமானம் தரையில்தான். சிறப்பு அனுமதி இல்லாமல் பக்கத்துத் தளத்துக்குக்கூடப் போக முடியாது. இன்னொன்று: தேதியை எண்களால் மட்டும் எழுதவே எழுதாதீர்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். உங்கள் கூடத்தின் பழைய கடிதம் ஒரு தேதியை மட்டும் சொன்னது. உரிமையாளருக்குத் தேதி தெரியாமல் இல்லை, ஓரளவு தெரியும். அந்தத் தேதிக்கு முன்பாகத் தாம் எடுக்க வேண்டிய முடிவுகள் என்னென்ன என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. விமானம் அந்த மாதம் எங்கே நிற்கும், யார் ஓட்டிக்கொண்டு வருவார், போன ஆண்டு 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்த வேலை எது, அதற்குப் பாகம் வாங்க ஒப்புதல் உண்டா, விமானம் இல்லாமல் எத்தனை நாள் அவரால் இருக்க முடியும். ஆண்டு ஆய்வு என்பது எண்ணெய் மாற்றுவது போன்ற சின்ன வேலை இல்லை. இருக்கைகளைக் கழற்றி, மூடிப் பலகைகளைத் திறந்து, சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதித்து, கட்டுப்பாட்டுக் கம்பிகளைக் கையால் தடவிப் பார்க்கும் வேலை. உள்ளே என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் மாற்ற வேண்டியிருந்தால் பாகம் வருவதற்கே வாரங்கள் ஓடிவிடும். இதெல்லாம் மாதத்தின் முதல் தேதியில் வரும் ஒரு வரிக்குள் அடங்குமா?

நான் செய்தது இது. மூன்று மாதத்துக்கு முன் முதல் கடிதம். அதில் ஒரே ஒரு கேள்வி: 'இந்த இரண்டு வாரங்களில் எது உங்களுக்கு வசதி?' இரண்டு வாரங்களையும் நாமே குறிப்பிட வேண்டும். 'எப்போது வருகிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஆறு வாரத்துக்கு முன் இரண்டாவது கடிதம். அதில் போன ஆய்வில் குறித்துவைத்த குறைகளின் பட்டியல், அவற்றில் எதற்கெல்லாம் இப்போதே பாகம் வாங்கலாம் என்ற கேள்வி. இரண்டு வாரத்துக்கு முன் தொலைபேசி. கட்டாயம் தொலைபேசி. அறிவிப்புக்கு யாரும் பதில் போட மாட்டார்கள், கேள்விக்குப் போடுவார்கள். பதில் வராத விமானத்தின் பெயர் உங்கள் பலகையில் சிவப்பிலேயே இருக்க வேண்டும். கடிதம் அனுப்பியாயிற்று என்பதற்காக அதைப் பச்சையாக்கக் கூடாது.

ஆண்டு ஆய்வோடு மற்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் சமிக்ஞை அனுப்பும் அவசர ஒலிபரப்பிக்கு 12 மாதத்துக்கு ஒரு சோதனை. தரையில் உள்ள ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதம். கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறப்பவர்களுக்கு உயரமானி, நிலை அழுத்தக் குழாய்ச் சோதனை, அதுவும் 24 மாதம். இந்தக் கடைசி இரண்டையும் உங்கள் கூடத்திலேயே செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். பல சிறிய கூடங்களில் கருவிகள் இருக்காது, உரிமம் பெற்ற மின்னணுப் பழுதுநிலையத்திலிருந்து ஆள் வர வேண்டும். அவர் ஒரு நாள் வரும்போது நான்கைந்து விமானங்களை வரிசையாக முடித்துவிட்டால் எல்லோருக்கும் செலவு குறையும். உரிமையாளரின் ஆண்டு ஆய்வு ஜூலையிலும் டிரான்ஸ்பாண்டர் அக்டோபரிலும் இருந்தால், டிரான்ஸ்பாண்டரை ஒருமுறை முன்னதாகச் செய்து இரண்டையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவரலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். நன்றி சொல்வார்.


பதில்: முப்பந்தல் காற்று

நான் விமானத்துறை ஆள் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஆனால் சகோதரி சொல்லும் சிக்கல் அப்படியே எங்களுடையது. காற்றாலை இங்கே நிற்கிறது, உரிமையாளர் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ மில் நடத்திக்கொண்டிருக்கிறார். கோபுரத்தைப் பார்த்தே பல ஆண்டு ஆனவர்களும் உண்டு.

எங்களுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்தான் எல்லாம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் ஒரு நாள் இறக்கை நின்றால் உரிமையாளருக்கு வயிறு எரியும். அதனால் போல்ட் முறுக்கம், கியர்பாக்ஸ் எண்ணெய், இறக்கைப் பார்வை எல்லாம் ஏப்ரலுக்குள் முடிந்தாக வேண்டும். எல்லா உரிமையாளரும் மார்ச் கடைசியில் கேட்டால் கிரேனுக்கு எங்கே போவது? ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததுமே அழைக்கத் தொடங்குகிறோம்.

நான் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். உரிமையாளருக்கு 'பராமரிப்பு நாள்' என்று சொன்னால் காதில் ஏறாது. 'இந்த வாரம் செய்தால் இவ்வளவு மின்சாரம் போகும், ஜூன் மாதத்தில் செய்தால் இவ்வளவு போகும்' என்று சொன்னால் உடனே தேதி கொடுப்பார். அமெரிக்காவில் சிறு விமானம் வைத்திருப்பவருக்கும் அப்படி ஒரு பருவம் இருக்குமே? அவர் எப்போது பறக்க ஆசைப்படுகிறார் என்பதைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்னால் போய் நில்லுங்கள்.

இன்னொன்று, யாரிடம் பேசுகிறோம் என்பது. எங்களிடம் சில காற்றாலைகளுக்கு நிறுவனப் பெயர்தான் உரிமையாளர். கடிதம் அலுவலக முகவரிக்குப் போய்க் கணக்காளரின் மேசையில் கிடக்கும். முடிவெடுக்கும் மனிதர் யார், அவர் ஊரில் இல்லாதபோது யார் என்று இரண்டு பெயர்களை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.


கேள்வி கேட்டவர்: பத்மநாபபுரத்துப் பெண்

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. காற்றாலை அண்ணா சொன்ன பருவம் எங்களுக்கும் உண்டு! ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் ஊரில் பெரிய விமான விழா நடக்கிறது. எங்கள் உரிமையாளர்களில் பலர் தம் விமானத்திலேயே அங்கு போவார்கள். ஜூன், ஜூலையில் ஆய்வு முடியும் விமானங்கள்தான் எங்களை மூச்சுத்திணற வைக்கின்றன. குளிர்காலத்திலோ கூடம் காலியாகக் கிடக்கிறது. 'ஜூலை ஆய்வை மார்ச்சிலேயே செய்துகொண்டால் விழாவுக்குக் கவலையில்லாமல் போகலாம்' என்று எழுதலாம் என இப்போது தோன்றுகிறது. உரிமையாளர் நான்கு மாதங்களை இழப்பார் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன், ஏனென்றால் புதிய கணக்கு மார்ச்சிலிருந்துதான் தொடங்கும். அந்த ஒரு முறைதான் இழப்பு.

தொலைபேசி என்பதும் சரி. நாகர்கோவிலில் மாலை ஆறரை ஆகும்போது கோடைக்காலத்தில் அங்கே காலை ஒன்பது. என் வேலையே அப்போதுதான் தொடங்குகிறது.

ஆனால் மணிநேரக் கணக்கு இன்னும் குழப்புகிறது. பயிற்சிப் பள்ளி விமானங்களுக்கு நூறு மணிநேர ஆய்வு உண்டு. ஒரு மாதம் நாற்பது மணிநேரம் பறக்கும், அடுத்த மாதம் பனி பெய்தால் ஐந்து மணிநேரம்கூடப் பறக்காது. அந்த விமானங்களில் ஒன்று ஒரு மருத்துவருக்குச் சொந்தம், பள்ளிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். யாருக்கு எழுதுவது? அடிக்கடி எழுதினால் தொந்தரவு என்று ஒதுக்கிவிடுவார்களோ என்றும் அச்சமாக இருக்கிறது.


பதில்: வேளிமலை அடிவாரம்

மருத்துவர், பள்ளி இருவருக்கும் எழுதுங்கள், ஒரே கடிதத்தில், இருவர் பெயரும் தெரியும்படி. பள்ளிக்காரர் விமானத்தை நிறுத்தச் சம்மதிக்க வேண்டும், மருத்துவர் செலவுக்குச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போக இடம் கொடுக்கக் கூடாது. நான்கு பேர் கூட்டாக வைத்திருக்கும் விமானத்துக்கும் இதே முறைதான். மேலே காற்றாலைத் தம்பி சொன்னது முற்றிலும் சரி.

மணிநேரத்துக்கு வருவோம். முதலில் எந்த மீட்டர் என்று கேட்டுத் தெளிவாகுங்கள். டாக்கோமீட்டர் எஞ்சின் சுழற்சியை வைத்து மணியைக் காட்டும், மெதுவாக ஓடும்போது அதன் கணக்கும் மெதுவாகவே ஏறும். ஹாப்ஸ் மீட்டர் கடிகாரம் போல ஓடும். பயிற்சிப் பள்ளி மாணவரிடம் ஹாப்ஸ் கணக்கில் பணம் வாங்கும், பராமரிப்புக் குறிப்பு டாக்கோமீட்டர் கணக்கில் இருக்கும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து எழுதிவிட்டால் பல மணிநேரம் பிசகிவிடும். நீங்கள் அனுப்பும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எந்த மீட்டர், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள்.

எண்ணை வாங்குவதற்கு எளிய வழி, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது. பள்ளியில் காலையில் விமானத்தை வெளியே எடுக்கும் பையனிடம் திங்கட்கிழமைதோறும் ஒரு படம் கேட்டால் போதும். படம் வராத வாரத்தில் நீங்கள் சராசரி போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைக் கடிதத்தில் எழுதும்போது 'மதிப்பீடு' என்றே எழுத வேண்டும். மதிப்பீடு உண்மை எண்ணின் வேடத்தில் ஒருமுறை வெளியே போனால் பிறகு உங்கள் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நூறு மணிநேர ஆய்வைப் பற்றி உரிமையாளர்களிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: பத்து மணிநேரம் கூடுதலாகப் பறக்கலாம் என்று. அந்தப் பத்து மணிநேரம், ஆய்வு செய்யும் இடத்துக்குப் பறந்து வருவதற்கு மட்டுமே. மாணவருக்குப் பாடம் எடுக்க இல்லை. அப்படிக் கூடுதலாகப் போன நேரமும் அடுத்த நூறிலிருந்து கழிந்துவிடும். 3,450 மணியில் செய்ய வேண்டிய ஆய்வு 3,456 மணியில் நடந்தால் அடுத்தது 3,550 மணியில்தான், 3,556 இல்லை. இதைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்றும் சேர்க்கலாம்: ஆண்டு ஆய்வு நூறு மணிநேர ஆய்வுக்கு ஈடாகும், ஆனால் நூறு மணிநேர ஆய்வு ஆண்டு ஆய்வுக்கு ஈடாகாது. இரண்டும் பார்க்கும் பட்டியல் ஒன்றுதான், கையெழுத்திடும் அதிகாரம்தான் வேறு.

பிறகு, ஏ.டி. என்று நாங்கள் சொல்லும் பறக்கும் தகுதி ஆணைகள். இவற்றில் சில ஒருமுறை செய்தால் முடிந்துவிடும், சில திரும்பத் திரும்ப வரும். செஸ்னாக்களுக்கு 2011-10-09 எண்ணுள்ள ஆணை இருக்கிறது, விமானி இருக்கை நகரும் தண்டவாளத்தைப் பற்றியது. அதில் உள்ள துளைகள் தேய்ந்தால், வேகமெடுத்து மேலே ஏறும் நேரத்தில் இருக்கை பின்னால் சறுக்கிவிடும். விமானி தன்னையறியாமல் கட்டுப்பாட்டுப் பிடியை இழுத்தபடியே பின்னால் போவார். மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் இறந்துவிடும். உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 100 மணிநேரம் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள் பார்க்கச் சொல்கிறார்கள். தனியாக வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் ஆண்டு ஆய்வோடு முடிந்துவிடும். ஆனால் நிறையப் பறக்கும் உரிமையாளர் ஆறேழு மாதத்திலேயே நூறு மணியைத் தாண்டிவிடுவார், வாடகைக்கு விடாததால் நூறு மணிநேர ஆய்வு தனக்கு இல்லை என்று நிம்மதியாக இருப்பார். ஆய்வு அவருக்கு இல்லைதான். ஆணை உண்டு. அவரைத்தான் நீங்கள் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும். மக்களே, இந்த ஒரு இடத்துக்காகவே உங்கள் வேலை மதிப்புள்ளது என்பேன்.

தொந்தரவு பற்றிய அச்சத்துக்கு: கட்டாயமானதையும் உற்பத்தியாளர் பரிந்துரையையும் ஒரே குரலில் சொல்லாதீர்கள். எஞ்சின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனம், எண்ணெய் முழுவதையும் வடிகட்டும் வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு 50 மணிநேரம் அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறது. நல்ல அறிவுரை, பறக்காமல் நிற்கும் எஞ்சினுக்குத்தான் அது இன்னும் தேவை. ஆனால் அது ஆண்டு ஆய்வு போல விமானத்தைத் தரையில் நிறுத்தும் விஷயம் இல்லை. இரண்டையும் 'அவசரம்' என்று ஒரே சிவப்பு எழுத்தில் அனுப்பினால் மூன்றாவது கடிதத்திலேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். பரிந்துரைகளைத் தனியாகச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமைதியாக ஒரு கடிதம் போடுங்கள்.


பதில்: குழித்துறை ரயில்

விமானங்களின் பறக்கும் தகுதியை நிர்வகிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், வார இறுதியில் மட்டும் ஊருக்கு வருவேன். இந்தியப் பக்கத்தைச் சொல்கிறேன், சகோதரிக்கு ஒரு யோசனையாக உதவும்.

இங்கே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பு வெளியிட்ட, பறக்கும் தகுதி பற்றிய சிஏஆர்-எம் விதிகள் ஐரோப்பிய விதிகளின் மாதிரியில் எழுதப்பட்டவை. விமானத்துக்குப் பறக்கும் தகுதி மறுஆய்வுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு, அதன் காலம் ஓர் ஆண்டு. உரிமையாளர் தன் விமானத்தின் நிர்வாகத்தை எங்களைப் போன்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தால் இருதரப்புக்கும் ஒப்பந்தம் போடுகிறோம். அதன் மூலமான ஐரோப்பிய மாதிரியிலேயே, விமானத்தை எப்போது பராமரிப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. பறந்த மணிநேரத்தை ஒழுங்காகத் தெரிவிப்பதும், சொன்ன நேரத்தில் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதும் உரிமையாளரின் கடமை என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே தாளில்.

அமெரிக்காவில் தனி உரிமையாளருக்கு அப்படி ஒப்பந்தம் தேவையில்லை. ஆனால் உங்கள் முதலாளி விரும்பினால், ஆண்டு ஆய்வுக்கு விமானத்தை எடுத்துக்கொள்ளும்போது கையெழுத்து வாங்கும் வேலைப் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்க்கலாம்: எங்களிடமிருந்து நினைவூட்டல் வேண்டுமா, வேண்டுமென்றால் மாதத்தில் ஒருமுறை மீட்டர் எண்ணை அனுப்பச் சம்மதமா. கேட்டு வாங்கிய நினைவூட்டலைத் தொந்தரவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விமானம் கூடத்தில் நிற்கும் அந்த நாளில்தான் உரிமையாளர் எதற்கும் சம்மதிக்கும் மனநிலையில் இருப்பார்.


கேள்வி கேட்டவர்: பத்மநாபபுரத்துப் பெண்

நீங்கள் எல்லோரும் சொன்னதை வைத்து மூன்று மாதத்துக்கு முந்தைய கடிதத்தை எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன். வேளிமலை ஐயா ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

'வணக்கம். எங்கள் பதிவின்படி உங்கள் செஸ்னா 172 விமானத்தின் ஆண்டு ஆய்வு ஜூலை மாதம் 31ஆம் தேதியோடு முடிவடைகிறது. தயவுசெய்து உங்கள் லாக்புக்கில் உள்ள கடைசிக் கையெழுத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவசர ஒலிபரப்பிச் சோதனையும் அதே மாதத்தில் முடிகிறது. இருக்கைத் தண்டவாளப் பரிசோதனை டாக்கோமீட்டர் 2,310 மணியில் அல்லது ஜூலையில், எது முதலோ அதில். எங்களிடம் உள்ள கடைசி எண் பிப்ரவரியில் 2,268. இப்போதைய எண்ணைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? ஆய்வுக்காக மே மாதம் மூன்றாம் வாரத்தையும் ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம். எது வசதி? ஜூலைக் கடைசி வாரத்தில் இடம் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். போன ஆண்டு வலது சக்கரத்தின் பிரேக் தகடு தேய்ந்து வருவதாகக் குறித்திருந்தோம், அதற்கான பாகத்தை முன்பே வாங்கி வைக்கலாமா? விமானம் இப்போது எந்தத் தளத்தில் இருக்கிறது?'


பதில்: வேளிமலை அடிவாரம்

நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தங்கள்.

கேள்விகள் நான்கு ஆகிவிட்டன. வாரம் எது, மீட்டர் எண் என்ன என்ற இரண்டை மட்டும் இந்தக் கடிதத்தில் வையுங்கள். பிரேக் தகடு ஆறு வாரக் கடிதத்துக்குப் போகட்டும். விமானம் எங்கே என்பதைத் தொலைபேசியில் கேளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு கேள்விகளையும் கடிதத்தின் தலையில் வையுங்கள். கைப்பேசியில் படிப்பவருக்கு முதல் நான்கு வரிதான் தெரியும். ஆய்வுகளின் விவரம் கீழே வரட்டும்.

மூன்றாவது, விமானத்தின் பதிவெண் எங்கே? இரண்டு விமானம் வைத்திருக்கும் உரிமையாளர் எந்தச் செஸ்னா என்று எப்படி அறிவார்? கடிதத்தின் தலைப்பிலேயே பதிவெண் இருக்க வேண்டும், பிறகு தேடி எடுக்கவும் அதுதான் உதவும். பதிவெண் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விமானப் பதிவுச் சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. முன்பு 3 ஆண்டாக இருந்ததை 2023இல் 7 ஆண்டாக நீட்டினார்கள். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வருவதை மனிதர்கள் மறந்துவிடுவார்கள். அந்தத் தேதியையும் உங்கள் பதிவில் சேர்த்து, காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே இதே கடிதத்தின் அடியில் ஒரு வரி போடுங்கள். அதற்காகத் தனிக் கடிதம் வேண்டாம்.


கேள்வி கேட்டவர்: பத்மநாபபுரத்துப் பெண்

மூன்றையும் மாற்றிவிட்டேன், ஐயா. பதிவெண்ணைத் தலைப்பில் போட்டாயிற்று. படிவத்தில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகளுக்கு முதலாளி சம்மதித்துவிட்டார். ஜூலையில் ஆய்வு முடியும் உரிமையாளர்களை இன்று மாலை ஆறரைக்கு வரிசையாக அழைக்கத் தொடங்குகிறேன். முதல் அழைப்பு, விமானத்தை வேறு தளத்தில் விட்டுப் போனவருக்கு.